மேளம் அடிக்காத சரிவு

ஐப்பசி, செவ்வாய் இரவு. கள்ளக்குறிச்சி.

காலையில் கல்வராயன் மலையில் ஒரு சரிவு உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். "இங்க பொணம் போனாலும் மேளம் அடிக்கமாட்டாங்க சார். சத்தமில்லாமத்தான் தூக்கிக்கினு போவாங்க" என்றார் ஜீப் டிரைவர் ஏழுமலை. சிரித்தேன். நாளைய திருவிழாவுக்குத் தாராளமாக அடிக்கலாம் என்று ஊர்க்காரர்களிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கே அள்ளிய சேறு, அறை மேசைமேல் வைத்த பாட்டிலில் கல்லாக இறுகியிருந்தது. சும்மா மேசையில் விரலால் தாளம் போட்டேன். தண்ணீராகிவிட்டது. கெமிக்கல் இன்ஜினியரிங்கில் நான் டாக்டர் பட்டம் வாங்கியதே இந்த மாதிரிச் சேற்றுக்குத்தான்: அசையாமல் இருந்தால் இறுகும், அதிர்ந்தால் ஓடும். எத்தனை வருஷம் பாடம் நடத்தி என்ன புண்ணியம்?

சரிவுக்குக் கீழே வீடுகள். ஏழுமலைக்குப் போன் போட்டேன். "மலைக்குப் போன் போவாது சார். விடியறதுக்குள்ள போயிடலாம்."

விரலை எடுத்து ஒரு மணி நேரம் ஆகிறது. சேறு இன்னும் இறுகவில்லை. யாரும் தொடாமலே, மேளத்தின் தாளம் தப்பாமல் நடுங்குகிறது.