பிய்த்த பொட்டின் பசை

சனிக்கிழமை, இரவு

எங்கள் இசைக்குழுவின் பேஸ்காரன் சீலன்தான் இன்று என்னை ஓமந்தைக்குக் கூட்டிப்போனான், அவனிடம் பழகுகிற எனக்கொரு ஐந்து தந்தி பேஸ் கிற்றார் எடுக்க. உடலில் புதுக் கறுப்புப் பெயின்ற். தந்தி அழுத்தும் நெக் மெல்லியது, கை வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ஒருத்தரும் வாசிக்கேல்லைத் தம்பி," என்றார் விற்கிற வீட்டுக்காரர்.

ஆனால் நெக்கின் ஓரத்தில், பிய்த்த ஒட்டுப்பொட்டின் பசை. கோயில் மேடை இருட்டில் விரல் வைக்கும் இடம் தெரிய அங்கே பொட்டு ஒட்டுகிறவன் சீலன் ஒருவன்தான். திரும்பினேன். அவன் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வரும் வழியில் கேட்டேன். "உன்ர பேஸ் எங்க மச்சான்?"

"திருத்தக் குடுத்திருக்கிறன்."

"அப்ப திருவிழாவுக்கு?"

"அதுக்குத்தானே நீ இருக்கிறாய்."

போன கிழமை பாஸ்போட் படம் எடுத்தான். லைசென்சுக்கு என்றான். இன்று பொலிஸ் மறித்தபோது நீட்டியது போன மாதத் திகதி போட்ட புத்தம்புது லைசென்ஸ். அப்ப அந்தப் படம் பாஸ்போட்டுக்கேதான்.