சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அக்கா,

சேரங்கோட்டில் மழை இன்னும் இறங்கவில்லை. மூட்டம் மட்டும் மதியமே வந்து தேயிலைக்கு மேல் உட்கார்ந்துகொள்கிறது. மழைக்கு முன்னால் நம் வீட்டை நானே பழுதுபார்த்துவிடுவது என்று இறங்கியிருக்கிறேன். சிரிக்காதே. ஸ்ரீமதுரையிலிருந்து வைக்கோல் வாங்கி வந்து, மண்ணோடு மிதித்துப் புளிக்கவிட்டிருக்கிறேன். காலில் வெடிப்பு.

இலங்கையிலிருந்து வந்த அப்பா தன் கையால் அறுத்துக் காயவைத்த மண்கல்லில் கட்டிய வீடு. இரண்டே அறை. கடைசிவரை அவற்றைக் காம்பரா என்றுதான் சொன்னார். உன்னுடையதற்கும் என்னுடையதற்கும் நடுவே ஒற்றைச் சுவர்.

அந்தச் சுவரில் நீ ஆசையாகப் பூசவைத்த சிமெண்டை முதலில் உரித்தேன். நீ மட்டும் செய்த பிழை இல்லை அது. மண்வீட்டுக்காரர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று ஊரே பூசியது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடிக்கற்கள் கூழாகிக் கிடந்தன. சுவர் என் பக்கமாக வயிறு தள்ளி நின்றது.

எங்கெங்கே பொள்ளல் என்று பார்க்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். உன் தலைமாட்டுக்கு நேரே ஒரு தட்டு. அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு வந்தது.

நம் கணக்கு உனக்கு மறந்திருக்காது. ஒன்று தட்டினால், இருக்கிறாயா? இரண்டு தட்டினால், இருக்கிறேன். மூன்று தட்டினால், வா.

இத்தனை வருடம் செய்தி எழுதியவன், சரிபார்க்காமல் விடுவேனா? பூட்டைத் திறந்து உன் அறைக்குள் போனேன். நீ போன அன்று சுருட்டி வைத்த பாய் அப்படியே இருந்தது. சன்னல் தாழிட்டிருந்தது. தரைத் தூசியில் என் கால் தடம் மட்டும். எலியா என்று பார்த்தேன், வளை இல்லை. எதிரொலி என்றால் ஒன்றுக்கு ஒன்றுதானே வர வேண்டும்? என் அறைக்குத் திரும்பி வேறு இடங்களில் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. உன் தலைமாட்டுக்கு நேரே தட்டினால் மட்டும், இரண்டு.

யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் ஒருமுறை தட்டினேன். பதில் வந்த பிறகே பூச்சுக் கரண்டியை எடுத்தேன்.

போன வாரம் உன் மகள் வசந்தா வந்தாள். பந்தலூர் வாடகை வீட்டை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு இங்கேயே வந்துவிடப் போகிறாள். நான் பூசியிருந்த மூலையைப் பார்த்து, "ஏன் மாமா, இது செவரா, பணியாரமா? பேப்பர்ல எழுதுன கைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றாள். பிறகு நடுச்சுவரின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இத இடிச்சிருவோம் மாமா."

"அது நிக்கும்."

"புள்ளைங்க இதுக்குக் கீழ படுக்கணும். விழுந்தா யாரு மேல விழும்? ரெண்டு காம்பராவும் ஒண்ணா ஆனா வெளிச்சமாவது வரும்ல?"

அவள் சொன்னதில் தவறே இல்லை. என்னிடம் இருந்த காரணமோ சொல்லக்கூடியதாக இல்லை. மண் மிதிக்கும் ஈரக்காலோடு நின்றேன். அவள் கடப்பாரையை எடுத்தாள். உன் அறை பூட்டியிருந்தது. சாவி என் சட்டைப் பையில்.

தட்டு வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நான் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன். பயம் இல்லை, அக்கா. கூப்பிட்டால் போக வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க?"

"கூப்புடுறா."

"அம்மா கூப்புடல மாமா. மூணு தட்டுனா தூங்குன்னு அர்த்தம்."

நான் பட்டணத்தில் வேலையாக இருந்த வருடங்களில் என் அறையில் படுத்தவள் அவள். தூக்கம் வராமல் புரளும்போது நீ அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டுவாயாம். எனக்கு வா என்று வைத்திருந்ததை அவளுக்குத் தூங்கு என்று எப்போது மாற்றினாய்?

அவள் கடப்பாரையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது.

சுவரை இடிக்கவில்லை. இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்து, கூழான கற்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, காய்ந்த புதுக்கல்லைச் செருகி வருகிறோம். அவள் பிடிக்கிறாள், நான் செருகுகிறேன். உன் தலைமாட்டுக்கு நேரே இருக்கும் கல்லை மட்டும் இருவருமே தொடவில்லை. முட்டு இருக்கும்வரை பிள்ளைகள் பந்தலூரில்தான்.

அன்று நீ யாரிடம் பேசினாய், அக்கா? அவளிடமா, என்னிடமா?

இதற்கு நீ பதில் சொல்ல வேண்டாம். நான் ஒரு வாக்குத் தருகிறேன். இந்தச் சுவரில் இனி சிமெண்ட் படாது. ஒன்று தட்டினால் இரண்டு தட்டுவேன். வசந்தா வீட்டில் இருக்கும் வேளையில் மூன்று தட்டினால், அவள் சொன்ன அர்த்தத்தை எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். அவள் இல்லாத வேளை பார்த்துத் தட்டினால், சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும்,
உன் தம்பி.