அனுமதியின்றிப் போனவள்

ஹோபார்ட், 14 மே 1968

மழை. ஐடா அத்தை வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. முன்வாசல் பக்கம் நான் போகக் கூடாது, கல்யாணம் ஆகாதவள், வயிறு தெரிகிறது. அத்தைக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போயிருக்கிறேன் என்று அம்மா ஊரில் சொல்லிவைத்திருக்கிறாள். பிறந்ததும் குழந்தையை யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் வாயைத் திறந்திருப்பேனா?

17 மே

தேவாலயத்தில் முதல் குடியேறிகளின் பெயர்களைப் பித்தளைப் பலகையில் பொறிக்கப்போகிறார்கள். அந்தக் காலத்தில் தண்டனையாகக் கப்பலேற்றி இங்கே அனுப்பப்பட்ட கைதிகளுக்கு இடமில்லை, தாமாகக் கப்பலேறி வந்தவர்களுக்கு மட்டும். எங்கள் மூதாதை தாமஸ் லிட்ஜெட்டுக்கு ஆதாரம் எடுத்துவர அத்தை என்னை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினாள். அவளுக்குக் கண் மங்கல். "பெரிய கோட்டைப் போட்டுக்கோ, வெர்னா. பின்சந்து வழியாப் போ."

காப்பகத்தில் இருக்கும் பர்டன் சிரித்தார். "இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் தானா வந்தவங்கதாம்மா. அப்போ அவ்ளோ பெரிய ஜெயிலெல்லாம் யாருக்காகக் கட்டினாங்களோ!"

21 மே

பதிவேட்டில் தாமஸ் கிடைத்தார். தாமாக வந்த தச்சர்தான். ஆனால் கல்யாணம் செய்துகொள்ள ஆளுநரிடம் அனுமதி கேட்டிருக்கிறார்.

"அனுமதி எதுக்கு?" என்றேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் கைதின்னா கேட்டே ஆகணும். இவர் கைதி இல்ல. அப்போ?"

மணப்பெண், ஹானா டக்கெட்.

வீட்டில் சொன்னேன். கெட்டிலை அடுப்பில் வைத்த அத்தை திரும்பவில்லை. "மனைவின்னு மட்டும் போடு. பேரெல்லாம் எதுக்கு?" அவளுக்கு முன்பே தெரியும்.

28 மே

ஹானாவின் நடத்தைப் பதிவு. சால்வை திருடியதற்கு ஏழு வருடம். குள்ளம். முகமெல்லாம் செம்புள்ளிகள். ஒரு வீட்டில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். 'கர்ப்பிணி. திருப்பி அனுப்பப்பட்டாள்.' பெண்கள் சிறையில் ஆண் குழந்தை பிறந்தது. பால் மறக்கடித்ததும் குழந்தையைச் சிறையின் பிள்ளைக் கொட்டடியில் வைத்துக்கொண்டு, தாயைத் துணி துவைக்கும் தொட்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வரி: 'குற்றம்: அனுமதியின்றி வேலையை விட்டுப் பிள்ளைக் கொட்டடியில் இருந்தது. தண்டனை: இருட்டறை.'

மறுபடி அதே குற்றம். மறுபடி. அப்புறம் இல்லை.

"ஏன் நிறுத்திட்டா?" என்றேன். பர்டன் வேறொரு புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். இறப்புகள். டக்கெட், ஆண் குழந்தை, பத்து மாதம். பெயர் இல்லை.

3 ஜூன்

துணி துவைத்தேன். தண்ணீர் சில்லென்று. யாரோ பக்கத்தில் நின்று பிழிகிற மாதிரி — சும்மா மனசுதான். உள்ளே உதைக்கிறது.

9 ஜூன்

ஓடையோரம் போய் அந்தச் சிறையின் சுவரைப் பார்த்தேன். மலை மறைப்பதால் அங்கே வெயில் சீக்கிரம் போய்விடுகிறது. ஈரக் கல்லில் காதை வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

4 ஆகஸ்ட்

பலகை வந்துவிட்டது. 'தாமஸ் லிட்ஜெட்டும் மனைவியும்.' அத்தை புதுத் தொப்பி வாங்கியிருக்கிறாள்.

11 செப்டம்பர்

ஆஸ்பத்திரியில் பிறந்துவிட்டது. ஆணாம். என் முகத்துக்கு முன்னால் துணியைப் பிடித்துக்கொண்டார்கள். அழுகை மட்டும் கேட்டது. "பாக்காம இருந்தா மறந்துடும் கண்ணு," என்றாள் தலைமை நர்ஸ்.

13 செப்டம்பர்

மறக்கல. நடைவழிக் கடைசியில எல்லாக் குழந்தையும் அழுவுது, அதுல என்னோடது எதுன்னு எனக்குத் தெரியுது. எப்படித் தெரியும்? தெரியுது. வெறுங்காலோடு போனேன்.

"ஏய்! யாரைக் கேட்டு வந்த?" நர்ஸ் ஓடி வந்தா.

யாரையும் கேக்கல. தூக்கிட்டேன். தரமாட்டேன்னு சொன்னேன் — கத்தினேன். நானா?

குழந்தையைக் கொடுக்கச் சம்மதம் என்று என்னைக் கையெழுத்துப் போட வைக்க அத்தையை வரவழைத்தார்கள். வந்தவள் என்னைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். கையெழுத்துத் தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஹானாவை நினைத்தாளோ என்னவோ.

"செருப்பைப் போடுடி," என்றாள். "வீட்டுக்குப் போவலாம்."

20 அக்டோபர்

அம்மாவிடமிருந்து கடிதம் இல்லை. கொடி நிறையக் குழந்தைத் துணி. வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரி யார் குழந்தை என்று கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"எங்க வெர்னா புள்ளதான். பின்ன, கப்பல்லயா வந்து எறங்கும்?" என்றாள் அத்தை, வாயில் துணிக் கிளிப்போடு.

அவன் தூங்குகிறான். வேலையைப் போட்டுவிட்டு ஓடி ஓடிப் போய், மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன்.