ஒட்டுமாவின் கழுத்தில் ஒரு வளையம்

ஜூன் 3, திங்கள், இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதே. கொல்லையில் நீ ஒட்டுப்போட்டுவிட்டுப் போன மாமரம் சாகப்போகிறது. ஒட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பட்டை கறுத்து வெடித்துப் பிசின் வடிகிறது. மேலே இலையெல்லாம் மஞ்சள்.

அப்பா இன்று சுவரோரம் போய், "ஏம்மா தையல்காரி, இலை உன் வாசல்ல விழுதுன்னு ஆசிட் ஊத்துனியா?" என்று கத்தினார். பக்கத்து வீட்டுத் தையல் அத்தை மெஷினை நிறுத்தவே இல்லை. "ஆசிட் வாங்கக் காசிருந்தா புது மெஷின் வாங்கியிருப்பேன் அண்ணே."

ஞாயிறு காலை போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறாராம். விசாரித்தால் உன் கடிதம் அத்தை வீட்டுக்கு வருவது தெரிந்துவிடும். நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட அன்று, "அவளுக்கு ஒரு வரி எழுதினா உனக்கும் இந்த வீட்டுல இடமில்ல" என்றாரே. அத்தை சுவருக்கு மேலாக உன் கடிதங்களைப் போட்டு வைக்கும் டப்பாவை மரத்திலிருந்து எடுத்து ஒளித்துவிட்டேன். என்ன செய்யட்டும்?

உன் சுண்டெலி


ஜூன் 5, புதன்

என் சுண்டெலிக்கு,

முதலில் மூச்சு விடு. நாற்றுப்பண்ணையில் எனக்குத் தினமும் இதுதான் வேலை.

ஆசிட் என்றால் ஒரு பக்கமாக வழிந்த தடம் இருக்கும். எலி என்றால் பல் தடம். காயம் சுற்றிலும் வளையமாக இருக்கிறதா? வளையத்துக்கு மேலே வீங்கியிருக்கிறதா? பிசினைச் சுரண்டிப் பார். அக்கம்பக்கத்துப் பட்டையை நகத்தால் கீறு. பாதியாவது உள்ளே பச்சையாக இருந்தால் பிழைக்கும். ஏதாவது பதிந்திருந்தால் இழுக்காதே, துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

டப்பாவை எதால் கட்டியிருந்தாய்? துணி நாடா என்றுதானே சொன்னேன்?

அக்கா


ஜூன் 8, சனி, இரவு

அக்கா,

வளையம்தான். பிசினுக்கு அடியில் கம்பி.

நாடா மழையில் இற்று, டப்பா விழுந்து உன் எழுத்தெல்லாம் கரைந்துபோயிற்று. அதனால் போன வருஷம் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். டப்பாவை எடுக்கும்போது நுனியை முறித்தேன். மிச்சம் உள்ளே போயிருப்பது தெரியவில்லை. மரத்தின் கழுத்தை நெரித்தது நான்தான்.

சொல்லாவிட்டால் அத்தை மாட்டுவார். சொன்னால் நான். அப்பா இருமுகிறார், டார்ச்சை அணைக்கிறேன்.

சுண்டெலி


ஜூன் 9, ஞாயிறு, பகல்

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா செருப்பு மாட்டும்போது கம்பி, கடிதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டப்பாவை நீட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

நான் கொல்லைக்குப் போனபோது கட்டிங் பிளேயரோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "அவ என்ன சொன்னா?"

"இழுக்கக் கூடாதாம்ப்பா. துண்டு துண்டா வெட்டணுமாம்."

கம்பியை எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் நகத்தால் கீறிக் காட்டினேன். பாதிக்கு மேல் பச்சை. அப்புறம் அப்பா சுவரோரம் போய் நின்றார். "என்னம்மா, மெஷின் ஓடுதா?"

"ஓடுது அண்ணே. நீங்க போலீஸுக்குப் போகலையா?"

திரும்பி வந்து டப்பாவை என் கையில் திணித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாசல் கேட்டுல மாட்டு. தபால்காரன் அதுல போடட்டும். கம்பியாலயே கட்டு, கேட்டுக்கு ஒண்ணும் வலிக்காது."

இதைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் வீட்டு முகவரிக்கே எழுது.

சுண்டெலி