மேல்குரல்

தம்பிக்கு,

எங்கள் வானொலிக்கு இந்த மாதம் வந்த புது புளூகிராஸ் நாட்டுப்புற இசைத்தட்டுகளில் கேட்கத் தகுந்தவை மூன்றுதான். கென்டக்கிப் பெண்கள் நால்வர் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடியது ஒன்று. ஒருத்தி பிடில் வாசிக்க முன்னால் வரும்போது மற்றவர்கள் விலகி வழிவிடும் காலடிச் சத்தம்கூடக் கேட்கிறது. இன்னொன்றில் ஒரு கிழவர் பாஞ்சோ என்ற தந்திக்கருவியோடு தனியாக இருக்கிறார்.

மூன்றாவது உன்னுடையது. உறைப் படத்தில் இளைத்துத் தெரிகிறாய்.

அதைக் கேட்காமலே ஓரமாக வைத்திருந்தேன். நிலையத்தை நடத்தும் ஹோபர்ட் பார்த்துவிட்டார். "அக்கா தம்பி சண்டையெல்லாம் வீட்டோட வெச்சுக்கோ. இங்க பாட்டு மட்டும் போடு" என்றார்.

கேட்டேன். நாம் மேடைகளில் சேர்ந்து பாடிவந்த பாட்டு. அப்போது கீழ்க்குரல் நீ, மேல்குரல் நான். தட்டில் மேல்குரலையும் நீயே தனியாகப் பாடிச் சேர்த்திருக்கிறாய். பாட்டுக்காரர்கள் நிறைந்த நாஷ்வில் நகரத்தில் அதற்கு ஆளா கிடைக்கவில்லை? எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் சரணத்தில் நான் எப்போதும் மூச்சு வாங்கிவிட்டு அரை நொடி பிந்தித்தான் சேருவேன். மேடையை விட்டு இறங்கியதும், "என்னக்கா, தூங்கிட்டியா?" என்பாய். நீ ஊரைவிட்டுப் போன அன்றைய சண்டையும் அதில்தான் தொடங்கியது.

தட்டில் அந்த இடம் வந்தது. மேல்குரல் அரை நொடி பிந்திச் சேர்ந்தது.

சனிக்கிழமை நிகழ்ச்சியில் முதல் பாட்டு உன்னுடையதுதான். அடுத்த தட்டுக்குப் பாடும்போது எனக்குச் சொல்லியனுப்பு. வருகிறேன். ஆனால் பிந்தித்தான் சேருவேன்.

உன் அக்கா