சமையலறையில் பதினோரு நாள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கதவைத் திறந்தால் ஓட்டோ, கிரேட்டா, நாய் இரண்டும் வாசலில் படுத்திருக்கின்றன. ஆட்டுப்பட்டி அநாதையாகக் கிடக்கிறது. ஆளுக்கு ஐம்பது கிலோ எடை, வெள்ளைக் கரடி மாதிரி உருவம். ஒரு வயது தாண்டியும் ஓநாயைப் பார்த்துக் குரைக்கத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் ஆர்லன் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆட்டுக்குக் காவலா வாங்கினோம். உன் அடுப்புக்குக் காவல் இருக்குதுங்க. ஏப்ரல்ல எல்லா ஆடும் குட்டி போடறதுக்குள்ள யாருக்காவது குடுத்துரு."

அலுப்பாக இருக்கிறது.

மார்ச் 7

முந்திப் பிறந்த ஆட்டுக்குட்டியின் காதை ஓட்டோ மென்றுவிட்டான். விளையாட்டுக்குத்தான். கிரேட்டா பக்கத்தில் நின்று வாலாட்டுகிறாள். எனக்கு வந்த கோபத்தில், இவற்றைக் குட்டியாக விற்ற வெர்னாவுக்குப் போன் செய்து, பிறவியிலேயே குணம் சரியில்லை என்றேன். அப்படியானால் இவற்றின் தாய் நாய்க்குக் கருத்தடை செய்துவிடுகிறேன், பதினேழாம் தேதி டாக்டர் வருகிறார் என்றார். இருபது வருஷமாகக் காப்பாற்றிய வம்சம்.

சரி என்று போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 9

காது போன குட்டி பால் குடிக்கிறது.

மார்ச் 12

பில்லிங்ஸ் டவுனிலிருந்து ஒரு தம்பதி நாயைப் பார்க்க வந்தார்கள். கிரேட்டா அந்த அம்மாள் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர்களுக்கு ஒன்றுதான் வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். எதை யோசிக்கப் போகிறேன்?

எழுதிவிடுகிறேன். போன வருஷம் ஜனவரி, ஆர்லன் இடுப்பு ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார். வெளியே மைனஸ் முப்பது. எட்டு வார நாய்க்குட்டிகள் இரண்டும் ஆட்டுக் கொட்டகையில் முனகிக்கொண்டிருந்தன. காவல் நாயை ஆட்டோடுதான் வளர்க்க வேண்டும், கொஞ்சக்கூடாது, வீட்டு வாசல் தாண்ட விடக்கூடாது என்று இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் தூக்கிக்கொண்டு வந்தேன். குளிருக்காக என்று சொல்லிக்கொண்டேன். பொய். ஆட்டோடு படுத்திருந்தால் அவற்றுக்குக் குளிராது. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, தாங்கல... அதான்.

மார்ச் 16, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது வெர்னாவிடம் சொல்லிவிட்டேன்.

"எத்தனை நாளு?"

"பதினோரு நாள்."

"சமையலறையிலயா, கட்டில்லயா?"

பின்னால் நின்றிருந்த ஆர்லன்தான் பதில் சொன்னார்: "என் தலகாணியில வெள்ள முடி கெடந்துச்சு. இவ முடி அவ்வளவு குட்டையில்ல." பதினாலு மாதமாகத் தெரிந்தே இருந்திருக்கிறார், பாவி மனுஷன்.

வெர்னா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாளைக்கு டாக்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாராம். "ரெண்டையும் பிரிச்சிரு. பொண்ணு டவுனுக்குப் போகட்டும். பையன ஆட்டோட விட்டு வேலியை அடை. நாய் கத்துக்கும். நீ கதவத் திறக்காம இருப்பியா, அதான் எனக்குச் சந்தேகம்."

மார்ச் 22

கிரேட்டா போய்விட்டாள். காரில் ஏறி உட்கார்ந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நன்றி கெட்டது.

மார்ச் 25

ஓட்டோவை ஆட்டோடு வேலிக்குள் விட்டு மூன்றாவது நாள். வேலி ஓரத்தில் நின்று சமையலறை ஜன்னலைப் பார்த்தே ஊளையிடுகிறான். சோறு வைக்க ஆர்லன்தான் போகிறார், நான் போகக்கூடாது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ரொட்டிக்கு மாவு பிசைந்தேன். திறக்கவில்லை. திறக்கவே இல்லை.

மார்ச் 31

சத்தம் இல்லை.

ஏப்ரல் 19, சனி

இதுவரை நாற்பத்திரண்டு குட்டிகள். ஒன்றுகூடப் போகவில்லை. மேட்டில் ஓநாய்த் தடம் இருக்கிறது, வேலி வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறது என்றார் ஆர்லன்.

இன்று அவர் ஊருக்குப் போனதும் வேலிக்குப் போனேன். "ஓட்டோ, வாடா" என்றேன். ஆடுகளுக்கு நடுவில் படுத்திருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். காது போன குட்டி அவன் முதுகில் ஏறி நின்றது. வாலை ஒரு தரம் ஆட்டினான். மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டான்.

இதைத்தானே கேட்டேன்.

திரும்பி வந்து சமையலறையைப் பெருக்கினேன். ஒரு முடிகூட இல்லை.