கிணற்றடியில் கேட்ட கேள்வி

8 ஜூலை 2025, செவ்வாய். சாந்தன்பாறை

காலையிலிருந்து மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததால் நான் வேலை பார்க்கும் அக்ஷயா இ-சேவை சென்டரில் ஒரு வேலையும் ஓடவில்லை. ரேஷன் கார்டில் பெயர் திருத்த வந்த பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஏலக்காய் விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அணைந்த கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஏசுரத்தினம் ஐயா போன் செய்தார். அக்டோபரில் எங்கள் இன்டர்நெட் குழுவான கிணற்றடிக்கு இருபது வருடம் ஆகிறதாம். அதன் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். "நீதாம்மா ஆரம்பத்துல இருந்து கூட இருந்து பாத்தவ. பத்துப் பக்கம் போதும்."

கிறிஸ்தவர்கள் இருபது வருடம் இன்டர்நெட்டில் போட்ட சண்டையைப் பத்துப் பக்கத்தில் அடக்க முடியுமா? சரி என்று சொல்லிவிட்டேன்.

13 ஜூலை, ஞாயிறு

பூசை முடிந்து வந்து எழுத உட்கார்ந்தேன். எழுதிய வரை:

2005. ஏசுரத்தினம் ஐயா அப்போது தேயிலை பாக்டரி ஆபீசில் கிளார்க். சிஎஸ்ஐ சபை. பெங்களூரில் இருந்த மகன் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்து கொடுத்தான். எந்தச் சபைக்காரரும் வந்து வேதத்தைப் பற்றிப் பேசலாம், கேட்கலாம். "எல்லாரும் வரக்கூடிய கிணறு ஒண்ணாவது இருக்கட்டுமே" என்று கிணற்றடி என்று பெயர் வைத்தார். எங்களுக்குத் தமிழில் அடிக்கத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதுவோம். மூணாறு பிரவுசிங் சென்டரில் பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும். குவைத்தில் நர்ஸ் வேலை பார்த்த பெண்கள், ஆனைகட்டியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கோயம்புத்தூர் போதகர்கள் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

2008. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற சண்டை. குழந்தையின் தலையில் தண்ணீரைத் தெளிப்பதால் ஒன்றும் ஆகாது என்று பூப்பாறையிலிருந்து சதீஷ் என்று ஒருவர் எழுதினார். நான் பதில் எழுதினேன். அவர் எழுதினார். நான் எழுதினேன். மற்றவர்கள் எல்லாம் ஒதுங்கி வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவரையே கட்டிக்கொண்டேன்.

இதை வரலாற்றில் எப்படி எழுதுவது? இன்றைக்கும் நான் கத்தோலிக்கப் பூசைக்குப் போகிறேன். அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். மத்தியானம் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். பதினைந்து வருடமாக அப்படித்தான். அவர் இந்துக் குடும்பத்தில் பிறந்து, தானாக விசுவாசத்துக்கு வந்தவர். அப்படி வந்தவர்களுக்குப் பிடிமானம் அதிகம். எனக்கு அது பிடிக்கவும் செய்தது.

20 ஜூலை

எழுதுவது, கிணற்றடி பேஸ்புக்குக்கு மாறிய வருடத்தில் நிற்கிறது. மேலே நகரவில்லை.

26 ஜூலை, சனி

இன்று குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. கிணற்றடி வாட்ஸ்அப்புக்கு வந்த பிறகு சேர்ந்தவர். இத்தனை நாளில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாலைந்து தடவை கேட்டுவிட்டேன்.

"இயேசுவுக்கே புகழ். நான் வட்டவடையில இருந்து செபமாலையம்மாள் பேசுதேன். எழுத வராது. எங்க வீட்டுக்காரவுக போன மாசம் தவறிட்டாக. பெரியமுத்துன்னு பேரு. முப்பது வருசமா ஞாயித்துக்கிழமை ஆனா என்னையக் கோயில்ல கொண்டாந்து விட்டுட்டு, பூசை முடியுற வரைக்கும் வெளிய ஜீப்புலயே இருப்பாக. ஞானஸ்நானம் வாங்கல. நானும் வற்புறுத்தல. இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நீங்கள்லாம் படிச்சவுக. நான் போற எடத்துல அவுக இருப்பாகளா?"

அவ்வளவுதான். பின்னால் ஒரு கோழி கத்துகிறது.

27 ஜூலை, ஞாயிறு

முதலில் எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். பிறகு ஒரு கோயம்புத்தூர் பிரதர் வசன எண்களை வரிசையாகப் போட்டார். திருச்சபையின் போதனை என்ன என்று பாலக்காட்டுக் கத்தோலிக்கர் ஒருவர் நீளமாக எழுதினார். இறந்தவருக்காக ஜெபிப்பது வேதத்தில் எங்கே இருக்கிறது என்று இன்னொருவர். அங்கிருந்து, இறந்தவர் பாவம் கழியும் உத்தரிக்கிற ஸ்தலம். அங்கிருந்து மாதா. மத்தியானம் வரை அந்த அம்மாவிடம் யாருமே பேசவில்லை. அவர்களைத் தாண்டி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு சதீஷ் எழுதினார். சபையிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல்.

"சிஸ்டர், உங்கள் துக்கம் புரிகிறது. ஆனால் ஆறுதலுக்காகச் சத்தியத்தை வளைக்க முடியாது. வாசல் ஒன்றுதான். அது திறந்தே இருந்தது. அவர் வெளியிலேயே இருந்துவிட்டார்."

சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுப் படித்தேன்.

28 ஜூலை

நேற்று நடந்ததை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

"இப்படி எழுதலாமா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அவங்க உங்ககிட்ட வேதபாடம் கேக்கல."

"கிணற்றடியில கேட்டாங்க. அங்க கேட்டா பதில் வரும். அதுக்குத்தானே அது இருக்கு?"

அதைக் கேட்டுத்தான் கோபம் அதிகமாயிற்று. அவர் சொன்னதும் சரிதானே, இருபது வருடமாக நாங்கள் வேறென்ன செய்தோம்?

நானும் அட்மின். யாரும் எழுத முடியாதபடி குழுவைப் பூட்டினேன். 'இது விவாதம் அல்ல, ஒருவர் அழுதுகொண்டிருக்கிறார்' என்று மட்டும் போட்டேன். அவரும் அட்மின். திறந்தார். நான் பூட்டினேன். அவர் முன்வாசலில், நான் அடுப்படியில். நடுவில் ஒரே ஒரு சுவர். ஐயா போன் செய்தார்: "ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டுப் பூட்டிப் பூட்டித் திறக்கீங்களாம்மா? ஊரே சிரிக்குது."

நான் சிரிக்கவில்லை. சதீஷும்தான்.

30 ஜூலை

கிணற்றடியிலிருந்து பாதிக்கு மேல் போய்விட்டார்கள். புதுக் குழு தொடங்கியிருக்கிறார்கள், 'கலப்பில்லாத வசனம்' என்று பெயர். அதற்கு அட்மின் சதீஷ். அவராகச் சொல்லவில்லை. அக்ஷயாவுக்கு வந்த ஒரு பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

பெயர்ப் பட்டியலில் செபமாலையம்மாளைத் தேடினேன். வெளியேறியிருக்கிறார். எப்போது என்று தெரியவில்லை. கூட்டமாகப் போனவர்களோடு அவரும் போனது யார் கண்ணிலும் படவில்லை. அவருக்காகத்தானே இவ்வளவும்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடியும். எடுக்கவில்லை.

பூசையில் மனம் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது?

9 ஆகஸ்ட், சனி

ஐயாவிடம் சொன்னேன், நாம் நேரில் போய்விட்டு வரலாமா என்று. உடனே சரி என்றார். மூணாறு போய் வட்டவடை ஜீப் பிடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். சதீஷ் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார், "ஐயாவால அந்த ஷேர் ஜீப்புல உக்கார முடியாது. நான் ஓட்டுறேன்."

எதற்கு? அங்கே வந்து வாதாடப் போகிறாரா? கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

வந்து சேர்ந்துவிட்டோம். இன்றே எழுதிவிட வேண்டும், நாளைக்கு வேறு மாதிரி நினைவில் நின்றுவிடும்.

மூணாறு தாண்டும் வரை டூரிஸ்ட் வண்டிகள். டாப் ஸ்டேஷனில் மூடுபனி. செக்போஸ்ட்டில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டபோது ஐயா "துக்கத்துக்கு" என்றார்.

வட்டவடையில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். வாசலில் பெரியமுத்துவின் ஜீப், தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. செபமாலையம்மாள் திண்ணையில் பூண்டைக் காய வைத்துக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். கிணற்றடி என்றதும் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் சதீஷ் முன்னால் வந்துவிட்டார்.

"வெளியிலேயே இருந்துட்டாருன்னு எழுதினது நான்தாம்மா."

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எம் மக வாசிச்சுக் காட்டினா," என்றார். "உள்ள வாங்க. காப்பி போடுதேன்."

காப்பி குடித்து முடிக்கும்வரை ஐயா பூண்டு விளைச்சலைப் பற்றி விசாரித்தார். அதன் பிறகு அந்த அம்மாவே தொடங்கினார்.

"தம்பி, அவுக வெளிய இருந்தது நெசந்தான். நான் ஒரு தடவ கேட்டேன், குளுருதே, உள்ள வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தா என்னன்னு. 'உன் சாமிகிட்ட என்னையப் பத்தி நாலு கொற சொல்லணும்னு இருப்ப. நான் பக்கத்துல இருந்தா எப்படிச் சொல்லுவ'ன்னாக." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சதீஷ் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். யாரிடம் பேசுகிறார் என்றே தெரியவில்லை.

"எங்க அப்பாவும் ஞானஸ்நானம் எடுக்கலம்மா. சோலைன்னு பேரு. நான் எடுத்த மறுவருசம் செத்துப்போயிட்டாரு. சபையில கேட்டேன். நான் இப்ப உங்களுக்கு எழுதினேனே, அதையேதான் எனக்குச் சொன்னாங்க. நான் ஏத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் அவரு பேரையே எடுக்கல. நீங்க கேட்டப்ப, இருப்பாருன்னு உங்களுக்குச் சொன்னா… அப்ப எங்க அப்பாவ நான் இத்தன வருசமா எங்க விட்டு வச்சிருக்கேன்?"

பதினைந்து வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன். மாமனாரின் பெயர் சோலை என்று கல்யாணப் பத்திரிகையில் பார்த்ததோடு சரி. அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

செபமாலையம்மாள் மூக்கைச் சிந்தினார். "நான் இருப்பாகளான்னுதான கேட்டேன். தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல தம்பி."

சதீஷ் காப்பி டம்ளரை நகர்த்தி வைத்தார். பிறகு, "தெரியலம்மா," என்றார். "எனக்குத் தெரியல."

அந்த அம்மா தலையை ஆட்டினார். ஏதோ ஒன்று முடிந்த மாதிரி எழுந்துபோய், எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பை பூண்டு கட்ட ஆரம்பித்தார்.

11 ஆகஸ்ட்

சதீஷ் பேசவே இல்லை. நான் அவரை அவர் போக்கில் விட்டுவிட்டேன். விடுவது எவ்வளவு கஷ்டம்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கிணற்றடியைத் திறந்துவிட்டேன். இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை அளந்து பேசுகிறார்கள். செபமாலையம்மாள் திரும்பி வந்து ஒரு கேரட் படம் போட்டார். அதற்கு எல்லாரும் பதில் எழுதினார்கள்.

சதீஷ் இரண்டு குழுக்களிலும் ஒரே செய்தியைப் போட்டார். பெரியமுத்துவைப் பற்றித் தான் எழுதியது தவறு, தனக்கு அந்தப் பதில் தெரியாது, தெரிந்ததுபோல் எழுதிவிட்டதாகச் சொல்லியிருந்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. போட்ட பிறகுதான் பார்த்தேன்.

புதுக் குழுவில் அன்றைக்கே அவரை அட்மின் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

7 செப்டம்பர், ஞாயிறு

சபையில் பாஸ்டர் சதீஷைக் கூப்பிட்டுப் பேசினாராம். வாலிபர் வேதபாடத்தை வேறு ஆள் எடுக்கட்டும் என்றாராம், கொஞ்ச நாளைக்கு. அந்த வகுப்பை அவர் எவ்வளவு ஆசையாக எடுப்பார் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமையெல்லாம் அதற்குத் தயார் செய்வார். "உபதேசத்துல தெரியலன்னு ஒரு பதில் கிடையாதாம்" என்றார். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

என் சபைக்கு வாருங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. நல்லவேளை. அவர் மனம் உடைந்து கிடக்கும்போது நான் ஆள் பிடிக்கக் கூடாது.

ஆனாலும் கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. வீட்டைக் கழுவினேன்.

21 செப்டம்பர்

அவர் இன்றும் அதே சபைக்குத்தான் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்ததாகச் சொன்னார்.

12 அக்டோபர், ஞாயிறு

ஐயா வீட்டில் இருபதாம் வருடக் கூட்டம். வந்தவர்களை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட முடிந்தது. போனவர்களில் யாரும் வரவில்லை. செபமாலையம்மாள் மகளோடு வந்திருந்தார்.

நான் எழுதியதை வாசித்தேன். பிரவுசிங் சென்டர், ஞானஸ்நானச் சண்டை, எங்கள் கல்யாணம், வெள்ளத்தில் மண் சரிந்தபோது குவைத்தில் இருந்தவர்கள் கேட்ட ஆட்களைத் தேடி எஸ்டேட் வீட்டு வரிசைகளில் லயம் லயமாகப் போனது, கொரோனாவில் போனில் ஜெபித்தது. பிறகு ஜூலையில் நடந்தது. அதை எழுத வேண்டாம் என்று இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள், பெயர் கெட்டுவிடும் என்று. ஐயாதான் "அதை எடுத்தா மத்ததும் பொய்யாயிரும்" என்றார். செபமாலையம்மாளிடமும் சதீஷிடமும் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தேன். பூட்டியது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்பதையும் எழுதியிருந்தேன்.

வாசித்து முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. ஒரு பெண் எழுந்து, சபையில் கேட்க முடியாத ஒரு சந்தேகம் இருக்கிறது, குழுவில் கேட்கலாமா என்றாள். கேளுங்கள் என்றேன். பதில் சொல்ல முதலில் கையைத் தூக்கியது சதீஷ் இல்லை.

2 நவம்பர், ஞாயிறு. கல்லறைத் திருநாள்

அம்மா கல்லறைக்கு மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாளில் சதீஷ் என்னோடு வருவதில்லை. அவர்கள் சபையில் இது கிடையாது. நானும் கூப்பிடுவதில்லை.

அரிவாளைத் தேடிக்கொண்டு வந்தார். "அப்பாவப் பொதச்ச எடம் காடு மண்டிக் கெடக்கும். நீ முடிச்சுட்டு வர்றியா, போவோம்?"

பூப்பாறைக்குக் கீழே எஸ்டேட் இடுகாடு. கொங்கிணிச் செடி இடுப்பளவு. எந்த மேடு என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கல் எதுவும் வைக்கவில்லை. இதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்றைக் காட்டி, அதைச் சுற்றி வெட்டினார். பிறகு சந்தேகம் வந்து பக்கத்து மேட்டையும் வெட்டினார். நான் வெட்டிய செடியை இழுத்து ஓரமாகப் போட்டேன். அவர் ஜெபிக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வேர்த்துப்போய் இருவரும் நின்றோம்.

திரும்பும்போது ஜீப்பில் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எஸ்டேட்டில் செடிகளுக்கு மருந்தடிக்கிற வேலைதானாம். நன்றாகச் சீட்டியடிப்பாராம். மலையாளம் பேசினால் எல்லாரும் சிரிப்பார்களாம். ஒரு தடவை போடிக்குச் சந்தைக்குப் போய், வாங்கின ஆட்டைத் தொலைத்துவிட்டு வந்தாராம். அந்தக் கதையை வீடு வரும் வரை சொல்லிக்கொண்டு வந்தார்.